ஓர் அகரம், பல பிறப்புகள்

ஒரு மெய் எழுத்து எவ்வளவு கனமானது என்பதை மெய்ப்புத் திருத்துகிறவர்கள் அறிவார்கள். ஒருமுறை என் கைக்கு வந்த மெய்ப்பில், 'இந்த அந்நீதியை எதிர்த்து ஊரே திரண்டது' என்று ஒரு வரி இருந்தது. எழுதியவர் சொல்ல நினைத்தது அநீதி. நடுவில் ஒரு 'ந்' கூடிவிட்டதால் அது 'அந்த நீதி' ஆகிவிட்டது. ஊர் மக்கள் நீதியையே எதிர்த்துத் திரண்டதாகப் பொருள் தலைகீழானது. அந்த ஒற்றை அடித்துவிட்டு அடுத்த வரிக்குப் போய்விட்டேன். கேள்வி மட்டும் கூடவே வந்தது. இரண்டு சொல்லிலும் முன்னால் நிற்பது அகரம், பின்னால் நிற்பது நீதி. அப்படியிருக்க, ஒன்று சுட்டுவதும் மற்றொன்று மறுப்பதும் எப்படி?

எழுத்தில் ஒன்றாகத் தெரியும் அந்த இரண்டு அகரங்களும் பிறப்பால் வேறானவை. ஒன்று திராவிடக் குடும்பத்தின் சுட்டு. மற்றொன்று வடமொழி வழியாக வந்த எதிர்மறை. தமிழை நாள்தோறும் பேசுகிற எவரும் இரண்டையும் குழப்பிக்கொள்வதில்லை. அடுத்து வரும் எழுத்தோடு அவை சேருகிற விதம் வேறு என்பது நம் காதுக்குத் தெரியும்.

உலகின் பல மொழிகளில் சொல்லின் தலையில் ஓர் அகரம் வந்து அமர்கிறது. ஓரிடத்தில் மறுக்கிறது, ஓரிடத்தில் சேர்க்கிறது, ஓரிடத்தில் 'நான்' என்கிறது, ஓரிடத்தில் 'அவர்' என்கிறது. இவற்றில் எது எதற்கு உறவு? ஒலி ஒத்திருந்தால் போதாது. பொருளும் சேர்ந்து ஒத்திருந்தால்கூடப் போதாது. ஒட்டுகிற இடத்தில் அது எப்படி நடந்துகொள்கிறது என்று பார்த்தால்தான் பிறப்பு தெரியும். நம் இலக்கணம் 'புணர்ச்சி' என்று அழைக்கும் அந்த இடத்தில் நின்றே சில மொழிகளைப் பார்க்கலாம்.

சுட்டும் அகரம்

தமிழ் பின்னொட்டு மொழி. காலம், பால், எண், வேற்றுமை எல்லாமே சொல்லின் வாலில்தான் சேர்கின்றன. எதிர்மறையும் அப்படித்தான்: செய்யான், வாராதவர், தெரியாமல். சொல்லின் தலையில் நிற்கத் தமிழ் தன் சொந்தச் சரக்கில் இடம் கொடுத்தது அனேகமாகச் சுட்டுக்கும் வினாவுக்கும் மட்டுமே. அ, இ, உ ஆகிய மூன்றையும் தொல்காப்பியம் சுட்டு என்று பெயரிட்டுக் குறிக்கிறது. தமிழ்நாட்டுப் பேச்சில் உகரச் சுட்டு மறைந்துவிட்டது. யாழ்ப்பாணத்தில் 'உது', 'உவன்', 'உங்கை' என்று அது இன்றும் வழங்குகிறது. கேட்பவர் கையில் இருக்கும் பொருளைக் காட்டி 'உதென்ன?' என்று அங்கே கேட்கிறார்கள்.

அகரச் சுட்டு திராவிட மொழிகளுக்குப் பொதுச் சொத்து. மலையாளத்தில் 'அவன்', கன்னடத்தில் 'அவனு', தெலுங்கில் 'அக்கட' (அங்கே), 'அப்புடு' (அப்போது). தனியாக வந்து பெயரோடு ஒட்டும்போது இதற்குத் தமிழில் ஒரு நிலையான குணம் உண்டு. மெய் வந்தால் அந்த மெய்யை இரட்டிக்கும்: அக்காலம், அந்நாடு, அம்மனிதர். உயிர் வந்தால் வகரத்தை இரட்டித்துக்கொண்டு சேரும்: அவ்வூர், அவ்வாண்டு.

எதிர்மறை அகரம் இப்படிச் செய்வதில்லை. அநியாயம், அசுத்தம், அதருமம், அகிம்சை என்று வருமொழியின் மெய்யைத் தொடாமல் முன்னால் நிற்கும். 'அச்சுத்தம்' என்று இரட்டித்தால் அது 'அந்தச் சுத்தம்' ஆகிவிடும். 'அத்துவிதம்' போன்ற சொற்களில் ஒற்று இரட்டிப்பதற்குக் காரணம் வேறு. அங்கே வருமொழி 'த்வி' என்ற கூட்டெழுத்தில் தொடங்குகிறது. தமிழ் நாவுக்கு ஏற்ப அதை எழுதும்போது ஒற்று மிகுகிறது.

உயிர் வந்தால் வேறுபாடு இன்னும் துலக்கமாகும். எதிர்மறை அகரம் வகரத்தைத் தேடுவதில்லை. நகரத்தை அல்லது னகரத்தைக் கொண்டுவருகிறது. அவசியம் இல்லாதது அனாவசியம். ஏகம் என்றால் ஒன்று, ஒன்றல்லாதது அநேகம். 'அநாதி', 'அநாதை' என்னும் இரண்டு சொற்களையும் அருகருகே வைத்துப் பாருங்கள். அநாதியில் பிரியும் இடம் நகரத்துக்குப் பின்னால்: அந் + ஆதி, அதாவது தொடக்கம் இல்லாதது. அநாதையில் பிரியும் இடம் நகரத்துக்கு முன்னால்: காக்கிற நாதன் இல்லாதவர்.  எழுத்தில் கடைசி உயிர் மட்டுமே வேறு. வெட்டும் இடம் மாறும்போது ஒன்று இறைவனைப் பற்றிய சொல்லாகிறது, மற்றது தெருவில் நிற்கும் குழந்தையைப் பற்றிய சொல்லாகிறது.

மறுக்கும் அகரம்

அநேகத்திலும் அனாவசியத்திலும் வரும் அந்த நகர னகரத்தை, உயிரும் உயிரும் மோதாமல் இருக்க இடையில் செருகிய எழுத்து என்று நினைக்கத் தோன்றும். உண்மை நேர்மாறானது. அதுதான் மூலம். இந்தோ-ஐரோப்பிய மூலமொழியில் எதிர்மறை முன்னொட்டாக இருந்தது உயிரைப்போல நீண்டு ஒலித்த ஒரு னகரம். சமஸ்கிருதத்திலும் கிரேக்கத்திலும் மெய்க்கு முன்னால் அது தேய்ந்து வெறும் அகரமானது. உயிருக்கு முன்னால் தன் மூக்கொலியைக் காப்பாற்றிக்கொண்டது. இலத்தீனில் அது 'இன்' ஆனது, ஜெர்மானிய மொழிகளில் 'உன்' ஆனது. அந்த 'உன்' ஆங்கிலத்தில் 'அன்' என்று ஒலிக்கிறது.

நம் ஊர் உணவகத்துப் பலகையில் 'அன்லிமிடெட் மீல்ஸ்' என்று இருக்கிறதே, அந்த 'அன்'னும் 'அனாவசியம்' என்பதில் உள்ள 'அன்'னும் உண்மையிலேயே ஒரே மூதாதையின் பிள்ளைகள். அறுவை அறையில் கொடுக்கும் அனஸ்தீசியாவில் இருப்பதும் அதே கிளை. கிரேக்கத்தில் உணர்வுக்கு 'ஐஸ்தேசிஸ்' என்று பெயர். உயிரில் தொடங்கும் சொல் என்பதால் முன்னொட்டு 'அன்' என்று நின்றது. 'வெட்ட முடியாதது' என்னும் பொருளில் கிரேக்கர் அணுவுக்கு வைத்த 'அதோமோஸ்' என்ற பெயர் மெய்யில் தொடங்கும் வேரைக் கொண்டது. அங்கே முன்னொட்டு வெறும் 'அ'. மெய்க்கு முன் அ, உயிருக்கு முன் அன் என்ற இந்த ஒழுங்கை சமஸ்கிருதமும் கிரேக்கமும் ஆயிரக்கணக்கான மைல் இடைவெளியில் ஒன்றுபோலக் காத்து வந்திருக்கின்றன. சமஸ்கிருதம், கிரேக்கம், இலத்தீன் மூன்றும் ஒரே ஊற்றிலிருந்து வந்திருக்க வேண்டும் என்று வில்லியம் ஜோன்ஸ் 1786இல் கல்கத்தாவில் பேசினார். அடுத்த நூற்றாண்டில் அந்தக் கருத்தை நிலைநாட்டியது இத்தகைய ஒழுங்குகளே.

ஒரே மொழிக்குள் கலந்த அகரங்கள்

பிறப்பு வேறான இரண்டு ஒட்டுகள் ஒரே மொழிக்குள் ஒரே ஒலியாகத் தேய்ந்துபோவதும் உண்டு. சமஸ்கிருதத்தில் இறந்தகாலம் காட்டவும் வினையின் முன்னால் அகரம் வரும். 'பரதி' என்றால் சுமக்கிறான், 'அபரத்' என்றால் சுமந்தான். 'சுமக்கவில்லை' என்று இதற்குப் பொருள் கொண்டுவிடக் கூடாது. இதன் உடன்பிறப்பு கிரேக்கத்தில் எகரமாக இருக்கிறது: 'பெரெய்' என்பது சுமக்கிறான், 'எபெரெ' என்பது சுமந்தான். மூலமொழியின் எ, ஒ, அ மூன்றும் சமஸ்கிருதத்தில் அகரமாக ஒன்றின. எதிர்மறை னகரமும் மெய்க்கு முன்னால் அகரமானது. கிரேக்கத்தில் வேறு வேறாக நின்ற இரண்டு ஒட்டுகள் சமஸ்கிருதத்தில் ஒரே முகம் கொண்டது இப்படித்தான்.

புணரும் இடம் இங்கேயும் உண்மையைச் சொல்லிவிடுகிறது. விருப்பம் என்னும் பொருளில் 'இச்சை' இருக்கிறது. எதிர்மறை சேர்ந்தால் 'அனிச்சை'. பள்ளி உயிரியல் பாடத்தில் வரும் 'அனிச்சைச் செயல்' இதுதான். விருப்பத்தைக் கேட்காமல் உடல் தானே செய்வது. அதே வேரில் இறந்தகால அகரம் சேர்ந்தால் னகரம் வராது. அகரமும் இகரமும் கலந்து 'ஐச்சத்' என்றாகும். 'விரும்பினான்' என்று அதற்குப் பொருள். வேர் ஒன்று, முன்னால் வந்த ஒலி ஒன்று. ஒட்டிய விதம் மட்டும் வேறு, பொருளும் வேறு.

கிரேக்கத்துக்குள் இன்னொரு வகைக் கலப்பு நடந்தது. அங்கே சகோதரனுக்கு 'அதெல்போஸ்' என்று பெயர். 'தெல்புஸ்' என்றால் கருப்பை. முன்னால் நிற்கும் அகரத்தை எதிர்மறையாக எடுத்தால் 'கருப்பை இல்லாதவன்' என்று பொருளற்ற சொல்லாகும். இந்த அகரம் 'ஒன்றான, உடனான' என்று பொருள்படும். சமஸ்கிருதத்தில் இதன் இணை 'ச'. கிரேக்கத்தில் சொல் முதல் சகரம் மூச்சொலியாகி, பிறகு அதுவும் உதிர்ந்து அகரம் மட்டும் மிஞ்சியது. நாம் வழங்கும் 'சகோதரன்' என்ற சொல்லைப் பிரித்தால் 'உடன்' என்னும் பொருளுள்ள 'சக', வயிறு என்னும் பொருளுள்ள 'உதரம்'. ஒரே வயிற்றில் பிறந்தவன். அதெல்போஸும் அதையேதான் சொல்கிறது. தமிழ் தன் சொந்தச் சொல்லில் 'உடன்பிறந்தான்' என்றது. அமெரிக்காவின் பிலடெல்பியா நகரப் பெயரின் நடுவே ஒளிந்திருப்பது சேர்க்கும் இந்த அகரம். அதோமோஸில் உள்ளது மறுக்கும் அகரம். கிரேக்க எழுத்தில் இரண்டும் ஒன்றே.

தவறாக வெட்டுவதால் புதிய சொல் பிறப்பதும் உண்டு. ரிக் வேதத்தில் வருணன் போன்ற தேவர்களையே 'அசுரர்' என்று அழைத்திருக்கிறார்கள். ஆற்றலுடைய தலைவன் என்ற உயர்ந்த பொருளில் வழங்கிய சொல் அது. பாரசீகத்தின் பழைய அவெஸ்தா மொழியில் 'அகுர' என்று இறைவன் பெயராகவே நின்றது. அந்தச் சொல்லின் அகரம் வேரின் பகுதி, முன்னொட்டு கிடையாது. பிற்காலத்தில் அசுரர் பகைவராகக் கருதப்பட்டபோது, அந்த அகரத்தை எதிர்மறை என்று காது கேட்டது. 'அ' நீங்கினால் மிஞ்சுவது 'சுரர்', அவர்களே தேவர்கள் என்று புதுச் சொல் உருவானது. சுரரும் அசுரரும் எதிரெதிராக நிற்கும் இலக்கியம் முழுவதும் இல்லாத ஒரு முன்னொட்டை இருப்பதாகக் கேட்டதன் விளைவைத் தாங்கி நிற்கிறது.

ஓர் அகரத்தின் மேல் ஒரு தத்துவம்

பிறப்பைக் கண்டுபிடித்த பிறகும் வேலை முடிவதில்லை. ஒரே எதிர்மறை அகரத்துக்குள்ளேயே பொருள் பல. சமஸ்கிருத இலக்கணிகள் அதற்கு ஆறு பொருள் வகுத்தார்கள்: ஒப்புமை, இன்மை, வேறாதல், சிறுமை, தகுதியின்மை, பகை. அதருமம் என்பதைத் தருமம் இல்லாத வெற்றிடம் என்று சொல்லிவிட முடியாது. அது தருமத்தை எதிர்த்து நிற்கும் ஒன்று. அகிம்சையும் அப்படித்தான். சொல்லின் வடிவம் 'துன்புறுத்தாமை', அது குறிப்பதோ நிறைவான ஓர் அறம்.

சைவ சித்தாந்த ஆசிரியர்கள் இதை இன்மை, அன்மை, மறுதலை என்று மூன்றாக வைத்து ஆராய்ந்தார்கள். அவர்களுக்கு இது வெறும் இலக்கணச் சிக்கலாக இருக்கவில்லை. 'அத்துவிதம்' என்ற சொல்லை எப்படிப் படிப்பது என்பது கடவுளுக்கும் உயிருக்கும் உள்ள உறவு என்ன என்ற கேள்வியாகவே இருந்தது. அகரத்துக்கு இன்மைப் பொருள் கொண்டால், 'இரண்டாவது இல்லை, உள்ளது ஒன்றே' என்று சங்கரரின் வழி திறக்கும். 13ஆம் நூற்றாண்டில் சிவஞானபோதம் தந்த மெய்கண்டார் அன்மைப் பொருளைக் கொண்டார். இறையும் உயிரும் பொருளால் வேறு. ஆனால் கலந்து நிற்கும் நிலையில் 'இவை இரண்டு' என்று பிரித்துச் சொல்ல முடியாதவை. 'இரண்டு இல்லை' என்பதற்கும் 'இரண்டு அல்ல' என்பதற்கும் இடையே உள்ள தூரம் அது.

இல்லை, அல்ல என்று இரண்டு சொற்களைத் தனித்தனியாக வைத்திருக்கும் தமிழில் இந்த வேறுபாட்டைச் சொல்வது எளிது. 'வீட்டில் அப்பா இல்லை' என்பதும் 'வந்தவர் அப்பா அல்ல' என்பதும் நமக்கு இரண்டு செய்திகள். வடமொழியின் ஒற்றை அகரத்துக்குள் இரண்டும் அடங்கிக் கிடந்தன. தமிழில் சிந்தித்த ஆசிரியர்கள் அவற்றைப் பிரித்து, பிரித்த இடத்தில் ஒரு தத்துவத்தையே நிறுத்தினார்கள். 18ஆம் நூற்றாண்டில் சிவஞான முனிவர் தம் சிவஞானபோத உரையான மாபாடியத்தில் இந்த வாதத்தை விரித்து எழுதினார்.

தேய்ந்து வந்த அகரம்

ஆங்கிலம் படிக்கும் மாணவர்கள் கேட்கும் நியாயமான சந்தேகம் ஒன்று உண்டு. 'ஏடிபிகல்' என்றால் வழக்கமானது அல்ல, 'ஏபொலிட்டிகல்' என்றால் அரசியல் சாராதது. அப்படியானால் 'அஸ்லீப்' என்பது தூங்காத நிலையா? இந்த அகரம் 'ஆன்' என்ற முன்னிடைச் சொல் தேய்ந்து மிஞ்சியது. 'தூக்கத்தின் மேல்' என்பதுபோலப் பழைய ஆங்கிலத்தில் இருந்தது. 'அஷோர்' (கரையில்) அதே வகை. 'அகின்' (உறவான) என்பதில் உள்ளது 'ஆஃப்' என்பதன் தேய்வு. 'அலைக்' (ஒத்த), 'அவேர்' (அறிந்த) இரண்டிலும் உள்ளது 'யெ' என்று ஒலித்த ஒரு பழைய முன்னொட்டின் மிச்சம். கூழாங்கற்கள் ஆற்றில் உருண்டு ஒரே உருவம் பெறுவதுபோல, மூன்று நான்கு ஒட்டுகள் அகரமாக உருண்டுவிட்டன. கிரேக்கத்திலிருந்து வாங்கிய எதிர்மறை மட்டும் 'ஏ' என்று அழுத்தமாக ஒலித்துத் தன்னை அடையாளம் காட்டுகிறது.

அச்சில் வார்த்த அகரம்

அரபு மொழியில் அகரம் ஒட்டும் முறையே வேறு. அங்கே சொல்லின் வேர் பெரும்பாலும் மூன்று மெய்கள். உயிர்களும் முன்னொட்டுகளும் சேர்ந்த ஓர் அச்சில் அந்த மெய்களை வார்த்தால் சொல் பிறக்கும். க-ப-ர என்ற வேரிலிருந்து 'கபீர்', பெரியவர். அதே வேரை அகரம் முன்வரும் அச்சில் வார்த்தால் 'அக்பர்', மிகப் பெரியவர். தமிழ் முஸ்லிம் குடும்பங்களின் பெயர்களிலேயே இந்த இலக்கணம் இருக்கிறது. கபீர், அக்பர், கரீம், அக்ரம், ஹமீது, அகமது. ஒவ்வொரு இணையும் ஒரே வேர். அகரம் ஏறியதும் முதல் மெய் தன் உயிரை இழந்து ஒற்றாகிறது.

அதே அரபில் 'ஜலச' என்றால் உட்கார்ந்தான், 'அஜ்லச' என்றால் உட்காரவைத்தான். இங்கே அகரம் பிறவினை காட்டுகிறது. 'கதப' என்றால் எழுதினான், 'அக்துபு' என்றால் நான் எழுதுகிறேன். இங்கே அது 'நான்'. கேள்வி கேட்கவும் ஓர் அகரம் உண்டு. அது மட்டும் சொல்லின் உள்ளே கை வைப்பதில்லை, வாசலில் நின்று கேட்கிறது. மற்றவை வேரின் உருவையே மாற்றுகின்றன. அரபு பேசுகிறவர் இந்த நான்கையும் தயங்காமல் பிரித்துக் கேட்பதற்குச் சொல்லின் அச்சு துணை செய்கிறது.

பொருளும் ஒத்த அந்நியர்கள்

மிகக் கடினமான சோதனை ஜூலு மொழியில் இருக்கிறது. தென்னாப்பிரிக்காவின் நேட்டாலில் 1860 முதல் தமிழர்கள் கரும்புத் தோட்டங்களுக்குப் போய்ச் சேர்ந்தார்கள். அவர்கள் காதில் விழுந்த உள்ளூர் மொழி அது. ஜூலுவில் 'ங்கியஹம்பா' என்றால் நான் போகிறேன். 'அங்கிஹம்பி' என்றால் நான் போவதில்லை. அகரம் வந்து மறுக்கிறது. ஒலியும் ஒன்று, பொருளும் ஒன்று. சமஸ்கிருதத்துக்கு உறவு என்று சொல்லிவிடலாமா?

ஒட்டும் இடத்தைப் பாருங்கள். சமஸ்கிருத எதிர்மறை அகரம் பெயர்களிலும் பெயரடைகளிலும் குடியிருக்கிறது. 'போகிறேன்' போன்ற முற்றுவினைகளை அது மறுப்பதில்லை. ஜூலு அகரம் முற்றுவினையில்தான் வாழ்கிறது. அதுவும் 'நான்' என்னும் ஒட்டுக்கும் முன்னால் நின்று, வினையின் கடைசி உயிரையும் இகரமாக மாற்றச் செய்கிறது. உயிருக்கு முன் மூக்கொலி தோன்றும் பழக்கமும் அதற்கு இல்லை. பிறந்த வீடு பாந்து மொழிக் குடும்பம். அந்தக் குடும்பத்தின் சுவாஹிலியில் வேறோர் அகரம் இருக்கிறது. 'அனசோமா' என்றால் அவர் படிக்கிறார், 'அலிசோமா' என்றால் அவர் படித்தார். அங்கே அகரம் படர்க்கை ஒருமை. 'படிக்கிறார்' என்று தமிழ் கடைசியில் வைத்ததைச் சுவாஹிலி முதலிலேயே சொல்லிவிடுகிறது.

ஜப்பானிய மொழி தமிழருக்கு இன்னும் ஆசை காட்டுவது. 'கொரே' இது, 'சொரே' கேட்பவர் அருகில் உள்ளது, 'அரே' அது, 'டொரே' எது. நான்கு படிகள், அதுவும் யாழ்ப்பாணத்து 'உது'வுக்கு நேரான ஒரு படியுடன். தொலைவுக்கு அகரம். சுசுமு ஓனோ என்னும் ஜப்பானிய அறிஞர் இதுபோன்ற ஒற்றுமைகளைத் திரட்டித் தமிழுக்கும் ஜப்பானியத்துக்கும் உறவு உண்டு என்று வாதிட்டார். யாழ்ப்பாணத்தின் சண்முகதாஸ், மனோன்மணி இணையர் அவருடன் சேர்ந்து உழைத்தார்கள். அந்த உழைப்பு மதிப்புக்குரியது. ஆனால் பெரும்பான்மை மொழியியலார் முடிவை ஏற்கவில்லை. பழைய ஜப்பானிய நூல்களுக்குப் போனால் தொலைவுச் சுட்டாகக் ககரமே தென்படுகிறது, அகரம் பின்னர்ப் பரவியது. எஞ்சிய மூன்று படிகளின் ஒலிகளும் தமிழின் இ, உ, எ ஆகியவற்றோடு ஒழுங்காகப் பொருந்தவில்லை.

தற்செயலுக்கும் ஒரு காரணம் இருக்கலாம். மொழியியலாளர் எட்வர்ட் சாபிர் 1929இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், 'மில்', 'மல்' என்ற பொருளற்ற இரண்டு ஒலிகளைச் சொல்லி, எது பெரிய மேசை என்று பலரிடம் கேட்டார். பெரும்பாலோர் 'மல்' என்றார்கள். வாய் குறுகும் இகரம் சிறியதாகவும் அண்மையாகவும், வாய் திறக்கும் அகரம் பெரியதாகவும் தொலைவாகவும் மனிதருக்குப் படுகிறது போலும். ஹங்கேரிய மொழியில் 'எஸ்' என்றால் இது, 'அஸ்' என்றால் அது. உறவே இல்லாதவர்கள் ஒரே பக்கம் கைநீட்டுவதற்கு வாயின் அமைப்பே காரணமாக இருக்கக்கூடும்.

சாட்சி நிற்கும் இடம்

தமிழ்ச் சொல்லைப்போல ஒலிக்கும் ஒரு சொல்லைத் தொலைதூர மொழியில் கண்டதும் உறவு கொண்டாடும் ஆசை நம்மிடம் நிறைய இருக்கிறது. மொழிமேல் உள்ள அன்பிலிருந்து பிறக்கும் ஆசை அது. அந்த அன்புக்கு உறுதியான ஆதாரம் கிடைக்க வேண்டும் என்றுதான் இதை எழுதுகிறேன். தமிழும் தெலுங்கும் கன்னடமும் வடமொழியின் கிளைகள் அல்ல, தனிக் குடும்பம் என்பதை 1816இல் எல்லிஸும் 1856இல் கால்டுவெல்லும் நிறுவினார்கள். அங்கொன்றும் இங்கொன்றுமாக ஒலி ஒற்றுமைகளைச் சேர்த்து அவர்கள் அதைச் செய்யவில்லை. வேர்கள், ஒட்டுகள், ஒட்டுகள் சேரும் ஒழுங்கு ஆகியவற்றை வரிசையாக வைத்துக் காட்டினார்கள். தமிழின் தனித்தன்மைக்கு இன்று நம் கையில் இருக்கும் உறுதியான சான்று அந்த முறையால் வந்தது. அதைக் கைவிட்டு ஒலி ஒற்றுமையை மட்டும் நம்பினால், 'அநீதி'யின் அகரத்தையும் 'அந்நீதி'யின் அகரத்தையும் பிரிக்கும் வழியே நமக்கு இல்லாமல் போகும்.

நான் அன்று மெய்ப்பில் அடித்த அந்த 'ந்' வெறும் பிழை எழுத்தாக இப்போது தெரியவில்லை. சுட்டு அகரம் தன் வழக்கப்படி வருமொழியின் மெய்யை இரட்டித்ததன் அடையாளம் அது. அது இருக்கும் இடத்தில் திராவிட அகரம் நிற்கிறது. இல்லாத இடத்தில் ஒரு காலத்தில் னகரமாக இருந்து தேய்ந்த அகரம் நிற்கிறது. அரை மாத்திரை நேரமே ஒலிக்கும் ஓர் ஒற்று, இரண்டு மொழிக் குடும்பங்களின் எல்லைக்கல்லாக நீதி என்ற சொல்லின் வாசலில் இருக்கிறது.